இருபத்தேழு குறிப்புகளும் ஒரு மொட்டையும்

என் அலுவலக மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கிறது. ஸ்டேப்ளர், பேனா போல அதுவும் பல்கலைக்கழகம் தருகிற பொருள்தான். தீர்ந்துபோனால் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். மறுநாள் காலை புதுப் பெட்டி வந்துவிடும். டென்மார்க்குக்கு வந்த முதல் வாரம் இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எனக்குச் சளி என்று யாரோ நினைத்துவிட்டார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாவது வாரம் ஒரு மாணவர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தாடி, கடற்பாசியில் ஆராய்ச்சி. மூன்று நாளைக்கு முன்பே என் காலண்டரில் பத்து இருபதிலிருந்து பத்து நாற்பது வரை இடம் பிடித்து வைத்திருந்தார். வந்தார், உட்கார்ந்தார், ஆய்வு ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்றார், அழுதார். பத்து முப்பத்தெட்டுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த நாட்டில் அழுவதற்கும் நேரம் குறித்துக்கொண்டு வருகிறார்கள். குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே முடித்தும் விடுகிறார்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களை அதை ஒழுங்காக முடிக்கவும், முடித்த பிறகு ஒரு வேலையில் போய் உட்காரவும் தயார்செய்வது என் உத்தியோகம். கட்டுரை எழுதுவது எப்படி, மாநாட்டில் பேசுவது எப்படி, பேராசிரியரோடு சண்டை வந்தால் யாரிடம் போவது, நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் என் பாடத்திட்டத்தில் உண்டு. இதை ஆந்திராவில், திருப்பதி பக்கத்து நகரியில் இருக்கும் என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கப்படி நைனாவுக்கு, விளங்க வைக்க ஒன்பது வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். அவர் பவர்லூம் ஓட்டுகிறவர். போன் பேசும்போதும் தறியை நிறுத்தமாட்டார். அந்தச் சத்தத்தைத் தாண்டி இருவரும் கத்திக்கொள்வோம்.

"அத்தினி வருசம் படிச்சவனுக்குப் பேசக்கூடவா தெரியாது?" என்றார் ஒருமுறை.

"தெரியாது நைனா. அதுக்குத்தான் நான் கீறேன்."

"அப்போ அவனுக்கு இன்னாத்துக்கு டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?"

என் அலுவலகக் கையேட்டில் இந்தக் கேள்வி இல்லை. அதோடு பேச்சு இந்த மாதம் வந்த கரண்டு பில்லுக்குப் போய்விட்டது.

நான் முனைவர் பட்டம் வாங்கியது திருப்பதியில். அங்கே எங்களைத் தயார்செய்ய அலுவலகமும் கிடையாது, டிஷ்யூ பெட்டியும் கிடையாது. அழுகை வந்தால் மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதுகொள்வோம். சாமியை நினைத்து உருகுகிறாள் என்று பக்கத்து சீட்டு அம்மாள் முதுகைத் தடவிக்கொடுப்பாள். ஆனால் எங்களுக்கு வேறொரு பயிற்சி உண்டு. மற்ற ஊர் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கிடைக்காத பயிற்சி. ஆய்வேட்டைத் திருத்துவதற்கும் வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கும் வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர் எவரும் குடும்பத்தோடுதான் வருவார். அவருக்குத் தரிசன டிக்கெட், மலைமேல் அறை, கீழே இட்லி சாம்பார், ரயில் ரிசர்வேஷன், எல்லாம் ஆராய்ச்சி மாணவர் பொறுப்பு. என் வைவா காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். தேர்வாளர் தரிசன க்யூவிலிருந்து வெளியே வர மதியம் இரண்டாகிவிட்டது. வந்தவர் பரம திருப்தியில் இருந்தார். நாலே கேள்வி கேட்டார். அதில் ஒன்று, லட்டு கூடுதலாக எங்கே கிடைக்கும் என்பது. இதை நான் இங்கே கதையாகச் சொன்னால் டேனிஷ்காரர்கள் சிரிப்பதில்லை. "அப்படியானால் உங்களுக்கு நிகழ்ச்சி ஏற்பாட்டில் நல்ல அனுபவம் இருக்கிறது, அதை உங்கள் தகுதிக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்களா?" என்று அக்கறையோடு கேட்கிறார்கள்.

எங்களைத் தயார்செய்ய ஆளில்லாத அந்தக் குறையைப் போக்கத்தான் சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடியோவில் வகுப்பெடுக்கிறேன். சித்தூர், புத்தூர், குப்பம் பக்கத்து சாந்திபுரம் என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். பாதி தமிழ், பாதி தெலுங்கு, தேவைக்கு இங்கிலீஷ். புவனா அப்படி வந்தவள்தான். நகரிப் பெண், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் எடுக்கிற பேக்டரிகள் சீசனில் மலை மலையாகக் கொட்டுகிற மாங்கொட்டை இருக்கிறதே, அதன் பருப்பை அரைத்து, அந்த மாவில் பழத்தைச் சுற்றி வைக்கும் மெல்லிய படலம் செய்யலாமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக. செய்யலாம் என்று ஐந்து வருடம் உழைத்து நிரூபித்துவிட்டாள். இங்கே என் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் சாறு பிழிந்த சக்கையை வைத்து அதே வேலையைச் செய்ய இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. அவளுக்காகவே எழுதியது போல இருந்தது. அவள் விண்ணப்பித்தாள். எனக்குத் தெரிந்த பெண் என்பதை எழுதிக்கொடுத்துவிட்டு, தேர்வில் நான் எந்த விதத்திலும் தலையிடமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

அவளுக்கு அந்த வருடம் வந்த நேர்காணல் அது ஒன்றுதான். கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. பி.எச்டி சேருவதற்கு முன்னால் திருப்பதியில் இன்டர் பிள்ளைகளுக்கு, அதாவது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, என்ட்ரன்ஸ் கோச்சிங் நடத்துகிற ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடம் கெமிஸ்ட்ரி எடுத்தவள் அவள். காலை ஆறரைக்கு ஸ்டடி அவரில் ஆரம்பித்தால் இரவு எட்டு வரை. அவர்கள் மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்; தசரா லீவு முடிந்ததும் சேருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்தாயிற்று. "அங்க போனா வருசம் பூரா அதே நாப்பது பிட்டு கொஸ்டின்தான்க்கா. சாய்ஸ் ஏ, பி, சி, டி. மாங்கொட்டை மறந்தே பூடும்," என்றாள். அவள் குறை சொல்கிற ரகம் இல்லை. அதனால் அந்த ஒரு வாக்கியம் என் மனசில் நின்றுவிட்டது.

என்னிடம் நேர்காணலுக்கென்று இருபத்தேழு குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. பெருமைக்குரிய பட்டியல். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். வாக்கியத்துக்கு ஒருமுறை சார், மேடம் போடக்கூடாது. நீயே செய்ததை நீயே செய்ததாகச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று சொல். கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக, உள்ளதை உள்ளபடி பதில். பதினெட்டாவது குறிப்பு, முதுகுக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது. புவனா வீட்டில் அந்தச் சுவரில் பெருமாள் படம் போட்ட நூல்கடைக் காலண்டர், தம்பி வாங்கிய கபடிக் கோப்பை, காய்கிற துணி, எல்லாம் இருந்தன. ஒன்றொன்றாக எடுக்கச் சொன்னேன். காலண்டரைக் கழற்றும்போது அவள் அம்மா உள்ளே இருந்து தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தது கேட்டது. பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்திகை பார்த்தோம். கடைசி ஞாயிறு அவள் பேசியதைக் கேட்டு எனக்கே அவளுக்கு வேலை கொடுத்துவிடலாம் போலிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வியாழக்கிழமை நேர்காணல்.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தேர்வுக்குழுவின் தலைவர் கிர்ஸ்டன் என் அறைக்கு வந்தார். உணவு அறிவியல் பேராசிரியர். வழக்கமாகக் கதவைத் திறந்ததும் பேச ஆரம்பிக்கிறவர், அன்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு பொதுவான கேள்வி," என்றார். "வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவருக்கு நீண்ட கால சிகிச்சை தேவைப்பட்டால், அதைப் பாதியில் விட்டு இங்கே வந்து தொடர்வது கஷ்டமாக இருக்காதா?"

எந்த மாணவருக்கு என்று கேட்டேன். பெயர் சொல்ல முடியாது என்றார். சொல்லாமலே, மிகத் திறமையான பெண் என்றும், நேற்றுத்தான் பேசினோம் என்றும், மாங்கொட்டை என்றும் சொன்னார். பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எதிரெதிரே உட்கார்ந்தும் இந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நான் கை எங்கே கால் எங்கே என்று பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்தேன்.

"அவளுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொன்னாளா?"

"சொல்லவில்லை. நாங்களும் கேட்கக்கூடாது, சட்டம் அப்படி. சிரமமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். கால்தான் வலிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன் என்றாள். துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்றேன். குடும்பமே கூட வந்தது என்றாள். எவ்வளவு தைரியம்." கிர்ஸ்டன் தன் நரைத்த கூந்தலை ஒரு கையால் தொட்டுக் காட்டி, மேலே எதுவும் இல்லை என்பதுபோல் உள்ளங்கையை விரித்தார்.

அந்தக் கை விரிந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தேன். கிர்ஸ்டன் எழுந்து வந்து டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவைத்து, "எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

நடந்தது இதுதான்; நாள் கணக்கும் வேண்டுதல் விவரமும் பிறகு புவனா சொன்னவை. ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தால் முடி தருகிறேன் என்று புவனா ஐந்து வருடத்துக்கு முன்பே வேண்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு அலிபிரியில் கிளம்பி மூவாயிரத்துச் சொச்சம் படி ஏறி, மொட்டை போட்டு, தரிசனம் முடித்து இறங்கிவந்தாள். கால் வலிக்காமல் என்ன செய்யும்? இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. திருப்பதியில் பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் ஒன்று, பின் சீட்டில் இரண்டு மொட்டை இருக்கும். புருஷன் மொட்டை, பெண்டாட்டி மொட்டை, மடியில் குழந்தை மொட்டை. எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வங்கி மேனேஜர் மொட்டையோடு வந்தால் என்ன வேண்டுதல் என்றுகூடக் கேட்கமாட்டோம், செக்கை நீட்டுவோம். என் இருபத்தேழு குறிப்புகளில் தலைமுடி இல்லாமல் போனதும் அதனால்தான். ஒன்பது வருடம் இங்கே இருந்தும், ஒரு பெண்ணின் மொட்டைத் தலையை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. காலண்டரைக் கழற்றச் சொல்லத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

கிர்ஸ்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவ ரகசியம் என்று தயங்க இதில் ஒன்றுமில்லை, திருப்பதி முழுக்கப் பார்த்த தலை.

"கடவுளுக்கு முடி எதற்கு?" என்றார்.

"அவர் வைத்துக்கொள்வதில்லை. ஏலத்துக்குப் போகும்."

"ஆய்வேட்டைக் கொடுத்த பிறகா முடி கொடுத்தாள்? அப்படியானால் அது ஆய்வேட்டுக்கு எப்படி உதவியிருக்க முடியும்?"

விஞ்ஞானிகளிடம் இதுதான் தொல்லை. நான் வேறு ஒன்று கேட்டேன். குழு என்ன முடிவு செய்திருக்கிறது? அவர் முகம் சிவந்துவிட்டது. கஷ்டமான கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்களாம், அவளைக் களைப்படையச் செய்யக்கூடாது என்று. இந்த வருடம் இரண்டாவது ஆளை எடுத்துக்கொண்டு, உடம்பு தேறியதும் அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்படி இவளுக்கு அன்பாக ஒரு கடிதம் எழுதவும் இருந்தார்களாம். யாரும் அவளை வெறுக்கவில்லை, ஏளனம் செய்யவில்லை. நாலு நல்ல மனிதர்கள் கூடி உட்கார்ந்து இரக்கப்பட்டே அவளைக் கோச்சிங் கல்லூரிக்கு அனுப்பிவைக்கப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. அதைக் காட்டாமல், உடம்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதும் சட்டம்தானே என்றேன். "ஆமாம்," என்றார் கிர்ஸ்டன். "திங்கட்கிழமை மறுபடி பேசுகிறோம். முழு நேரமும். எல்லாக் கேள்வியும்."

அன்றே புவனாவைக் கூப்பிட்டேன். திரையில் வந்தாள். மழுமழுவென்று தலை, நெற்றியில் நாமத்தின் சிவப்புக் கோடு, முகம் முழுக்கச் சந்தோஷம். சொன்னதும் அவளும் சிரித்தாள், அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இன்டர்வியூவில் எல்லோரும் ஏன் அப்படிக் குழைந்து குழைந்து பேசினார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு நான், எதற்கும் இருக்கட்டும் என்று, இருபத்தெட்டாவது குறிப்பைச் சொன்னேன்.

"திங்கக்கெழம துப்பட்டாவ தலைக்கு அழகா சுத்திக்கோ. இல்லன்னா உங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்குன விக்கு கீதா பாரு."

அவள் சிரிப்பு நின்றது.

"அவங்களுக்குத்தான் இப்போ தெரிஞ்சிபோச்சே. அப்பறம் யாருக்குக்கா மறைக்கறது?"

"மறைக்கறதுக்கு இல்ல புவனா. அவங்க கவனம் உன் ஆராய்ச்சி மேல இருக்கணும்னு."

"செவத்துல சாமி காலண்டர எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். தம்பி கப்ப எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். தலையும் நானும் ஒண்ணா கீறோம்க்கா. அத எங்க எடுத்து வைக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் ஆய்வேட்டுக்கு முடி வேண்டியவள்தான். ஆனால் அப்போது டென்மார்க் வேலைக்கு நேர்காணல் இருந்தது. மலைக்குப் போய், பெண்களுக்கென்று இருக்கிற சலுகைப்படி மூன்று கத்தரி மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். நுனியில் மூன்று வெட்டு, ஒரு விரல் நீளம். அங்கே முடி எடுக்கிற அம்மாள் என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "இந்தேனா?" என்றாள் தெலுங்கில், இவ்வளவுதானா என்று. சாமியிடமே பேரம் பேசிவிட்டு விமானம் ஏறியவள் நான். அது எனக்குச் சாமர்த்தியமாகப் பட்டது. வந்த இடத்தில் அதையே பாடமாக நடத்திப் பிழைக்கிறேன். அன்று புவனாவின் முன்னால் அந்தச் சாமர்த்தியம் கூச்சமாக இருந்தது. "அப்படியே வா," என்றேன். "வெளிச்சம் மட்டும் பாத்துக்கோ, தல பளபளன்னு அடிக்குது."

திங்கட்கிழமை ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவளை வறுத்தெடுத்தார்களாம். ஈரப்பதம் கூடினால் படலம் ஏன் கிழிகிறது என்ற கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, கண்டுபிடிக்க மூன்று வழி சொன்னாளாம். பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நான் தலையிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள், கிர்ஸ்டன் அறை வழியாகப் போகாமல் சுற்றுப் பாதையில் சாப்பிடப் போய்வந்தேன். பதினோராம் நாள் புவனா கூப்பிட்டாள். கிடைத்துவிட்டது. சொல்லும்போதே அழுதாள், நேரம் குறிக்காமல், இருபது நிமிடத்தில் முடிக்காமல், நன்றாக அழுதாள். நானும் அழுதேன். நைனாவிடம் சொன்னபோது அவர் முதன்முறையாகத் தறியை நிறுத்தினார்.

"மாங்கொட்டைக்கா வேலை குடுத்தாங்க?" என்றார்.

"ஆப்பிள் சக்கைக்கு நைனா."

"நம்மூருப் பொண்ணு எத குடுத்தாலும் பண்ணும்," என்று சொல்லிவிட்டு மறுபடி தறியை ஓட்டினார்.

வைவா, விசா, சான்றிதழ் எல்லாம் முடிந்து அவள் கிளம்ப ஐந்து மாதமாகிவிட்டது. கிளம்புகிற வாரம் வீடியோவில் வந்தாள். மறுபடி மொட்டை. வேலை கிடைத்தால் முடி தருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாளாம். "அம்மா வேண்டிக்கிச்சு. முடி என்னுது," என்றாள் புவனா சாதாரணமாக. இந்தமுறை நான் கிர்ஸ்டனுக்கு முன்கூட்டியே சொன்னேன். அவர் யோசித்து, "அப்படியானால் இது மகிழ்ச்சியின் அடையாளம், சரிதானே?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி மாதம் விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தேன். என் கம்பளித் தொப்பியை அவளுக்குப் போட்டுவிட்டேன். ரயிலில் நல்ல கூட்டம். பெட்டிகளோடு நின்றுகொண்டு வந்தோம். உள்ளே வெப்பமாக இருந்ததால், தலை அரிக்கிறது என்று தொப்பியைக் கழற்றினாள். எதிரே உட்கார்ந்திருந்த, எழுபது தாண்டிய ஒரு டேனிஷ் அம்மாள் அந்தத் தலையைப் பார்த்தார். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத ஊர் இது. அந்த அம்மாள் எழுந்து, புவனாவின் கையைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்தார். பக்கத்திலிருந்த பையன் அவருக்கு இடம் விட்டான். பிறகு என்னிடம் டேனிஷில் கேட்டார், தங்கையா என்று. ஆமாம் என்றேன்.

"கவலைப்படாதீர்கள். இங்கே நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன," என்றார். கண் கலங்கியிருந்தது.

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். கிர்ஸ்டனுக்குச் சொன்னேனே, அதுபோல. ஆனால் அவர் புவனாவின் கையை இன்னும் விடவில்லை.

"இன்னா சொல்றாங்கக்கா?"

"உன்ன இங்க நல்லா பாத்துக்குவாங்களாம்."

"இந்தூருக்காரங்க தங்கமா கீறாங்க," என்ற புவனா கைப்பையைத் திறந்து, பொட்டலத்திலிருந்து லட்டை எடுத்துப் பிட்டு அந்த அம்மாள் கையில் வைத்தாள். "திருப்பதி பிரசாதம்னு சொல்லுங்கக்கா."

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைப் பார்த்தார். அம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய இனிப்பு என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். எனக்கும் ஒரு விள்ளல் வந்தது. ஒரு கையில் கம்பி, மறு கையில் லட்டு. அவர் சொன்னதில் பாதியை இவளுக்கும் இவள் சொன்னதில் பாதியை அவருக்கும் சொல்லிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றேன். இறங்கவேண்டிய ஊர் வரும்வரை எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.